உப்பு வெளியில் ஓடிய ஒரு குடும்பத்துக் கார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள போனவில் உப்பு வெளியின் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். அருமையான படம். ஆனால் அதற்குக் கீழே, ‘புல்கூட முளைக்காத, எதற்கும் பயன்படாத வெள்ளைப் பாலை’ என்று போட்டிருந்ததை என்னால் அப்படியே விட முடியவில்லை. 2003 முதல் 2012 வரை வேலை காரணமாக சால்ட் லேக் சிட்டியில் குடியிருந்தேன். அதில் ஆறு வருடம், ஆகஸ்ட் மாதமானால் அந்த உப்பின் மேல் நடக்கும் கார் வேகப் போட்டியில் ஒரு குடும்பத்தின் காருக்கு உதவி வேலை செய்திருக்கிறேன்.

கார் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. 1932ஆம் வருடத்து ஃபோர்டு ரோட்ஸ்டர். கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரும் வண்டி. 1950களில் அவரும் அவர் தம்பியும் காயலான் கடையில் வெறும் பாடியை மட்டும் வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே மற்றதையெல்லாம் கட்டினார்களாம். சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் ஃபோர்டு எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைக் கொண்டுவந்தது அந்த 1932இல்தான். அப்போது அதன் திறன் 65 குதிரைசக்தி. அந்த இன்ஜினை ‘பிளாட்ஹெட்’ என்பார்கள். அதில் புகை வெளியேறும் வழி இன்ஜின் பிளாக்குக்கு உள்ளேயே போவதால் சீக்கிரம் சூடேறிவிடும். அதனால் கார் ஓடி முடித்து வந்ததும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி, “தண்ணீர் எவ்வளவு சூடு?” என்பதுதான். வேகத்தை அப்புறம்தான் கேட்பார்.

சிறுவயதில் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவன் நான். அங்கே கார்கள் ஒன்றையொன்று முந்தும். போனவில்லில் ஒரு தடத்தில் ஒரு கார்தான், எதிராளி கடிகாரம். ரேஸ் கார் என்றாலே எடையைக் குறைக்கத்தான் பாடுபடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்களோ பின்பக்கம் ஈயக் கட்டிகளை ஏற்றினார்கள். எடை இல்லாவிட்டால் உப்பில் சக்கரம் சும்மா சுற்றும். கியர் நெடுவேகத்துக்கென்றே வைத்திருப்பதால் கார் தானாகக் கிளம்பத் திணறும். பின்னாலிருந்து பிக்கப் வண்டியால் தள்ளிக்கொண்டு போய் விடவேண்டும். அந்தப் பிக்கப்பில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. ரோட்ஸ்டர் எங்களை விட்டுப் பிரிந்து போகும்போது முதலில் சத்தம் கேட்கும், பிறகு ஒரு கறுப்புப் புள்ளி, அப்புறம் வெள்ளைதான். வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். முதல் வருடம் தொப்பியை மட்டும் நம்பிப் போய், தாடையின் அடியிலும் மூக்குத் துவாரத்துக்குள்ளும் தோல் உரிந்து வந்தேன்.

அங்கே பரிசுப் பணம் கிடையாது. இருக்கும் சாதனையை ஒருமுறை தாண்டினால் காரைத் தனியிடத்தில் நிறுத்திவைத்து, மறுநாள் காலை மறுபடி ஓடச் சொல்வார்கள். இரண்டு ஓட்டத்தின் சராசரிதான் கணக்கு. எங்கள் கார் அந்தத் தனியிடத்துக்குப் போனதே இல்லை. இருந்தும் வருடம் முழுக்க அந்த வீட்டு ஷெட்டில் விளக்கு எரியும். 1965 நவம்பரில் மணிக்கு 409 மைல் ஓடிய கோல்டன்ராட் என்ற காரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதையும் சம்மர்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர்தான் உருவாக்கினார்கள். 1949இலிருந்து நடக்கும் ‘ஸ்பீட் வீக்’ என்ற இந்த வேகப் போட்டி வாரத்தில் இப்படிக் குடும்பம் குடும்பமாக வந்து ஓடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! உங்கள் பட விளக்கத்தில் அவர்களுக்கும் ஒரு வரி இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் எழுதவேண்டும். அந்த உப்பு மெலிந்துகொண்டே வருகிறது. நெடுஞ்சாலைக்குத் தெற்கே உப்புநீரிலிருந்து பொட்டாஷ் எடுப்பதுதான் காரணம் என்று பந்தயக்காரர்கள் பல வருடங்களாகச் சொல்கிறார்கள். காரணம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. மழைத் தண்ணீர் தேங்கி 2014இல் ஸ்பீட் வீக் ரத்தானது. 2015இலும் தடம் போட நல்ல உப்பு இல்லாமல் ரத்து.

பெரியவர் 2013இல் காலமாகிவிட்டார். மறுவருடமே காரை ஓட்டுவதாக இருந்த அவருடைய பேத்தி இரண்டு ஆகஸ்ட் மாதங்கள் காத்திருந்தாள். நான் அதற்குள் கோவைக்குத் திரும்பிவிட்டேன். 2016இல் ஒரு நாள் நடுராத்திரி போன் அடித்தது. மணிக்கு 138 மைல், நம் கணக்கில் 222 கிலோமீட்டர் ஓடியிருக்கிறாள். அந்த வேகத்தை நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எடுத்த எடுப்பில் அவள் சொன்னது, “அங்கிள், தண்ணீர் கொதிக்கவே இல்லை.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.