நிலப் பாதுகாப்புத் திட்டமிடுநர் சான்று: புதிதாக எடுப்பவர்களும் புதுப்பிப்பவர்களும் கவனிக்க

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவான என்.ஆர்.சி.எஸ். தரும் இந்தச் சான்றுக்குத் தயாராகிறவர்கள், திட்டமிடலின் 9 படிகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட வேண்டாம். வயலில் இறங்கி நடங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எரு எப்போது போடுகிறார்கள், உழவு எப்படி என்று விவசாயியிடமே கேளுங்கள். மாற்றுவழிகளைச் சொல்வது நம் வேலை. முடிவு எடுப்பவர் அவர்தான். இதை மறந்து எழுதிய திட்டம் அலமாரியில்தான் தூங்கும். மண் அரிப்புக் கணக்குக்கு ரசல்-2 (RUSLE2) மென்பொருளையும் பழகிக்கொள்ளுங்கள்.

சான்று கையில் இருப்பவர்கள் தொடர்கல்வி நேரத்தை உடனுக்குடன் பதிவு செய்துவிடுங்கள். பயிர் ஆலோசகர் சான்றும் வைத்திருந்தால், அதற்கு 2 ஆண்டுக்கு 40 மணிநேரம்.

அப்புறம், சனிக்கிழமை இணையக் கூட்டத்துக்கு நீங்கள் எழுதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். விவசாயியின் பெயரை மறைத்துவிடுங்கள்.