வலியைச் சொல்லாதவர்களின் வலி

ஆசிரியருக்கு வணக்கம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறேன். காலை மடக்கும்போது விரல் வெளுக்கக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார், ஆனால் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்டால் 'மூணுதான்' என்கிறார், வலியை வெளியே சொல்லிப் பழக்கமே இல்லாதவர். அந்த மூன்றை அப்படியே எழுதிக்கொண்டு பயிற்சியைக் கூட்டிவிடுகிறார்கள். உடலோடு மனமும் சமூகமும் சேர்ந்ததுதான் வலி என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமே 2020-ல் விளக்கிவிட்டது. சரி, அப்புறம் ஏன் வெறும் எண்? ஆய்வுகளிலும் அம்மாவைப் போன்றவர்கள் குறைவுதான்: முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே வாழும் மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஜோசப் ஹென்ரிச் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010-லேயே சுட்டிக்காட்டினார்கள். அம்மாவைப் போன்றவர்களையும் சேர்த்து ஆராயுங்கள், முகத்தையும் பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி