கையா, உங்கள் அப்பாவிடம் முதலில் என்ன கேட்டீர்கள்?

அன்புள்ள கையா கேட்டருக்கு,

வணக்கம். இதை நீங்கள் வாசிக்கப் போவதில்லை. யாராவது எடுத்துக் காட்டினாலும் கூகிள் மொழிபெயர்ப்பு இதை என்ன பாடு படுத்துமோ தெரியாது. ஆனாலும் உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை வாசித்துப் பாடும் கனடியப் பாடகி என்று என் கூட்டாளிகளிடம் உங்களைப் பற்றிச் சொன்னால், "பாஞ்சோவா? கவ்போய் பாட்டா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

2017 குளிர்காலத்தில் நான் டெலிவரி வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது. வானொலியில் ஒரு பாஞ்சோவும் அதன் மேல் ஒரு பெண்குரலும். பாஞ்சோ என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைதான்: மூன்று விரலில் கவ்வி மாட்டிக்கொண்டு, குதிரை ஓடுவதுபோல வாசிப்பார்கள். உங்கள் பாஞ்சோ நடந்து வந்தது. குரலும் அதைவிட அவசரமில்லாமல் வந்தது. கறுப்பின மக்கள் கொல்லப்படுவதைப் பற்றிய பாட்டு என்பது இரண்டாம் தடவை கேட்டபோதுதான் விளங்கியது. 2016ல் வந்த ‘நைன் பின்’ இசைத்தட்டில் இருக்கும் பாட்டு அது. அன்று பொதிகள் எல்லாம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தன, வாங்கிய ஏச்சு தனிக்கதை.

அந்த வசந்தத்திலேயே இணையத்தில் ஒரு பழைய பாஞ்சோவை 150 டொலருக்கு வாங்கிவிட்டேன். வீட்டில் இதற்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. வாசிக்க வரவில்லை, ஆனால் உங்கள் வலது கை என்ன செய்கிறது என்று விளங்கிவிட்டது. கம்பியை மேல்நோக்கி இழுப்பதில்லை. விரல்களை நண்டுக்கால்போல மடக்கிவைத்து, நகத்தின் முதுகால் கம்பியைக் கீழ்நோக்கித் தட்டுகிறீர்கள். ஒரு தட்டு, அடுத்தது கம்பிகள் எல்லாவற்றையும் தடவும் ஒரு தட்டு, உடனே பெருவிரல் வந்து அந்தக் குட்டை ஐந்தாவது கம்பியைச் சுண்டுகிறது. அந்தக் கம்பி மற்றவை மாதிரிக் கழுத்தின் நுனிவரை போவதில்லை. பாதி வழியில், ஐந்தாவது கட்டையோடு நின்றுவிடுகிறது. அதை இடக்கை பெரும்பாலும் தொடுவதேயில்லை. மெட்டு எங்கே போனாலும் அது தன் ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். எங்கள் ஆட்களுக்குச் சொல்வதென்றால், தம்புராவின் ஒரு கம்பியைக் கழற்றித் தாளம் போடப் பழக்கியது மாதிரி. எனக்குப் பெருவிரல்தான் எப்போதும் அரை நொடி பிந்துகிறது.

வாங்கின பிறகுதான் அந்தப் பெட்டியின் கதையைத் தேடினேன். கவ்போய்க்கும் அதற்கும் ஆரம்பத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. மேற்கு ஆபிரிக்காவில், செனகல், காம்பியாப் பக்கத்து ஜோலா மக்கள் இன்றைக்கும் ‘அகொன்ரிங்’ என்று ஒன்று வாசிக்கிறார்கள். சுரைக்குடுக்கையின் மேல் தோல் கட்டி, தடி செருகி, மூன்று கம்பி பூட்டியது. அதில் ஒன்று குட்டைக் கம்பி. அதையும் நகத்தால் கீழ்நோக்கித் தட்டித்தான் வாசிக்கிறார்கள். அடிமைக் கப்பல்களில் வந்தவர்கள் கரீபியன் தீவுகளில் கையில் கிடைத்ததை வைத்து இந்த மாதிரிக் கருவிகளைத் திரும்பச் செய்தார்கள். 1687ல் ஜமெய்க்காவுக்குப் போன ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் அவற்றைக் கண்டு, 1707ல் அச்சான தன் புத்தகத்தில் படமாகவே போட்டிருக்கிறார். அங்கிருந்துதான் அமெரிக்கத் தோட்டங்களுக்கு. 1840களில் முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் மேடையில் கறுப்பர்களைக் கேலிசெய்ய இந்தக் கருவியை எடுத்தார்கள். பிறகு 1920களில் இசைத்தட்டுக் கம்பனிகள் கறுப்பர் பாட்டுக்கு ஒரு பட்டியல், மலைநாட்டு வெள்ளையர் பாட்டுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. பாஞ்சோ இரண்டாவது பட்டியலுக்குள் போய்விட்டது. கேலிக்கு ஆளானவர்களின் பிள்ளைகளுக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. 2005ல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். பாஞ்சோ வாசிக்கும் பாடகி ரியானன் கிடன்ஸ் போன்றவர்கள் அந்தக் கூடலுக்குப் பிறகு எழும்பி வந்தவர்கள். அப்போது உங்களுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது.

ஆக, ‘மலைநாட்டு வெள்ளையர் வாத்தியம்’ வந்த வழியிலேயே உங்கள் அப்பா பிறந்த கடல் இருக்கிறது. கரீபியன் தீவான கிரெனடா! இதை நீங்கள் எந்த வயதில் யோசித்தீர்களோ தெரியாது. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

நீங்கள் மொன்றியலில் பிறந்தீர்கள். அம்மா வினிபெக் நாட்டார் இசை விழாவை நடத்தியவர், அதனால் வீட்டைச் சுற்றிப் பாட்டுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிமுகங்களை வைத்து இங்கேயே ஒரு மேடையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் மேற்கு வேர்ஜீனியாவின் எல்கின்ஸுக்குப் போய், டேவிஸ் அண்ட் எல்கின்ஸ் கல்லூரியில் அப்பலாச்சிய மலைகளின் இசையையும் நடனத்தையும் படித்தீர்கள். நிலக்கரியும் ரயிலும் மரம் வெட்டுவதும் பிழைப்பாக இருந்த மாகாணம் அது. கறுப்பினக் கனடியப் பெண் ஒருத்தி பாஞ்சோவோடு அங்கே போய் இறங்கியபோது யார் யார் எப்படிப் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் படிப்பு ‘நைன் பின்’ தலைப்பிலேயே இருக்கிறது. நான்கு சோடிகள் ஆடும் சதுர நடனத்தில் ஒன்பதாவதாக ஒருவர் நடுவில் நிற்பார், சுற்றியிருப்பவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆடினவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. நீங்கள் அந்த நடுவில் நிற்கும் ஆளின் பக்கத்திலிருந்து பாட்டு எழுதினீர்கள்.

அதற்கு முந்திய ‘சொரோ பவுண்ட்’, 2015ல், பெரும்பாலும் பழைய பாட்டுகளோடு வந்தது. எனக்கு அதில் அடக்கம் கொஞ்சம் கூடிவிட்டதாகத் தோன்றும். நல்ல மாணவி வகுப்பில் கைகட்டி நிற்பதுபோல. குறையாகச் சொல்லவில்லை, அடுத்த வருடமே கையை அவிழ்த்துவிட்டீர்கள்.

அப்புறம் 2018. ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘கிரெனேட்ஸ்’. கறுப்பினப் பாஞ்சோக்காரி என்று உங்களுக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டிருந்தது. சந்தைக்கு அந்தப் பெயர் வசதியானது. விழாக்காரருக்கு நாலு சொல்லில் விளக்கிவிடலாம். அந்த நேரம் பார்த்துப் பாஞ்சோவைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திவிட்டு, கிட்டாரும் பியானோவும் ட்ரம்ஸுமாக ஒரு இசைத்தட்டுப் போட்டீர்கள். இதே பாஞ்சோவைக் கேட்கத்தான் வந்தோம் என்று சிலர் முணுமுணுத்திருப்பார்கள். முதல் வாரம் நானும் முணுமுணுத்தேன்.

பிறகுதான் பாட்டுகளுக்கு நடுவே கதைக்கிற அந்த ஆணின் குரல் யாருடையது என்று தெரிந்தது. உங்கள் அப்பா.

1979ல் இடதுசாரித் தலைவர் மொறிஸ் பிஷப்பின் இயக்கம் கிரெனடாவில் ஆட்சியைப் பிடித்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவு. 1983 ஒக்ரோபர் 19ல், சொந்தக் கட்சிக்குள் மூண்ட சண்டையில் பிஷப்பைச் சுட்டுக் கொன்றார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு நாள் கழித்து அமெரிக்கப் படை வந்து இறங்கியது. உங்கள் அப்பா 1986ல் கனடாவுக்கு வந்தார்.

இந்த ஆண்டுகளை ஒரு ஈழத்தமிழன் சும்மா வாசித்துவிட்டுப் போகமுடியாது. எங்களுக்கும் 1983தான். எங்களுடையது யூலை, உங்களுடையது ஒக்ரோபர். 1986 ஓகஸ்ட் 11ல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். என் அப்பா அந்தப் படகில் இல்லை. அடுத்த வருடம் விமானத்தில் வந்தார். எப்படி வந்தார், எத்தனை நாட்டில் நின்றார், யாருடைய பெயரில் வந்தார் என்பதெல்லாம் அம்மா சொல்லி எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டால், "என்னத்தைக் கதைக்கிறது, அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்பார். டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

உங்கள் அப்பா அந்த இசைத்தட்டில் நிதானமாகக் கதைக்கிறார். நீங்கள் அவர் குரலுக்கு மேலே பாடவில்லை. அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் உங்கள் பாட்டு வருகிறது. தலைப்பு வெடிகுண்டு என்றுதான் எனக்குப் பட்டது. பிரெஞ்சில் அதே சொல் மாதுளம்பழத்தையும் குறிக்கும் என்று பிறகு அறிந்தேன். மொன்றியல் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்காது.

இந்த இசைத்தட்டுக்கு, கனடாவின் இசை விருதான ஜூனோவுக்குப் பரிந்துரை கிடைத்தது. பத்திரிகைகள் எழுதின. என்றாலும் அதற்குப் பிறகும் எங்காவது ‘வளர்ந்து வரும் கலைஞர்’ என்ற அடைமொழியோடுதான் உங்கள் பெயரைப் பார்த்தேன். மூன்று இசைத்தட்டுக்குப் பிறகுமா? எப்போதுதான் வளர்ந்து முடிப்பீர்கள் என்று அவர்கள் சொன்னால் நல்லது. பெரிய கம்பனி இல்லாமல் நாட்டார் மரபு இசை பாடுகிறவர்களுக்கு இங்கே இதுதான் நிலை. இணையத்தில் ஒரு தடவை கேட்டால் ஒரு சதம்கூடத் தேறாது. வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், நிகழ்ச்சி முடிந்ததும் மேசை போட்டு இசைத்தட்டையும் ரீசேட்டையும் விற்றுத்தான் பெற்றோல் அடிக்க வேண்டும். டெலிவரி வான்காரனுக்கு அந்தக் கணக்கு நன்றாக விளங்கும்.

கனடியத் திரைப்பட மையத்தில் நீங்கள் படத்துக்கு இசையமைக்கப் பயின்றபோது, சரி, இனிப் பாஞ்சோ அலமாரிக்குள் போய்விடும் என்று நினைத்தேன். 2024ல் ‘ஸ்ட்ரேஞ்ச் மெடிசின்’ வந்தது. பாஞ்சோ திரும்பியிருந்தது, ஆனால் முன்னால் வந்து நின்று தன்னைக் காட்டவில்லை. கொம்பு வாத்தியங்களுக்கும் தாளத்துக்கும் இடையில் அந்தக் குட்டைக் கம்பி தன் ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, தேடிக் கேட்க வேண்டும். அதில் ஒரு பாட்டில் கிரெனடாவுக்கு மறுபடி போகிறீர்கள், இந்த முறை அப்பாவையும் தாண்டி 1795க்கு. தோட்டம் வைத்திருந்த ஜூலியன் ஃபெடோன் அடிமைகளைத் திரட்டிக்கொண்டு ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார். ஒரு வருடத்துக்கு மேல் தீவின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருந்தார். அவரை அவர்கள் கடைசிவரை பிடிக்கவில்லை. அந்தப் பாட்டில் உங்களோடு சேர்ந்து பாடுகிறவர் தாஜ் மஹால் என்ற பெயர்கொண்ட அமெரிக்க புளூஸ் பாடகர். எண்பதைத் தாண்டிய கிழவரின் கரகரப்பும் உங்கள் குரலும் சேரும் இடத்தை வேலைக்குப் போகும்போது மூன்று தடவை திருப்பிப் போட்டேன்.

பாட்டு எப்படி எழுதுவது, மேடை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. பாஞ்சோவும் எனக்கு இனி வராது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது போனில் ரெக்கோர்டரை ஓடவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தேன். கள்ளத்தனம்தான். நாற்பது நிமிடம் ஓடியது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் கரண்டிச் சத்தம், டிவி, என்னுடைய குரல். அவர் மொத்தமாகச் சொன்னது, "சீனி காணாது."

உங்கள் அப்பாவும் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். மைக்கை எடுத்து வெளிப்படையாகவே மேசையில் வைத்தீர்களா? தீவைப் பற்றிக் கேட்டுத் தொடங்கினீர்களா, பள்ளிக்கூடத்தைப் பற்றியா, சாப்பாட்டைப் பற்றியா? அவர் டிவி சத்தத்தைக் கூட்டியபோது என்ன செய்தீர்கள்?

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வான்காரன்