காற்றாலை ஆயுள் நீட்டிப்பும் கியர்பாக்ஸ் எண்ணெயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கை வகுத்தது முதல், கோபுரத்தையும் இறக்கைகளையும் பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வட்டாரத்தில் பராமரிப்புப் பணி செய்பவன் என்ற முறையில், கியர்பாக்ஸுக்குள் கோள் பற்சக்கரங்களை (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றி அமைந்த சிறு பற்சக்கரங்களை) தாங்கும் உருளை பேரிங்குகளின் மீது கவனத்தைத் திருப்ப விரும்புகிறேன்.

இறக்கைகளின் மெதுவான சுழற்சியை ஜெனரேட்டருக்கு வேண்டிய வேகத்துக்கு உயர்த்தும் பணியில், காற்றின் சுமையை முதலில் ஏற்பவை இந்தக் கோள் சக்கரங்களே. பேரிங்கின் உருளைக்கும் அது உருளும் வளையத்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் உருவாக வேகம் தேவை. இங்கே சுமை மிகுதி, வேகமோ குறைவு என்பதால், விஜி 320 என்ற பிசுபிசுப்புத் தரம் போன்ற கெட்டியான எண்ணெயை ஊற்றினாலும் படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை) எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, உள்வளையத்தின் ஒரே பகுதிதான் எப்போதும் சுமையைத் தாங்குகிறது. அந்த இடத்தில் புகும் சில மைக்ரான் அளவுத் துகளும் உலோகத்தில் குழி பறித்துவிடும்.

காற்றில்லாத மாதங்களில் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பதும் தீங்குதான். அவ்வப்போது வீசும் காற்றில் உருளைகள் நின்ற இடத்திலேயே அசைந்து எண்ணெயைப் பிதுக்கித் தள்ளுகின்றன. பிறகு திறந்து பார்த்தால், உருளை இடைவெளிக்கு ஒன்றாக வளையத்தில் செம்பழுப்புத் தழும்புகள் தெரியும். மெதுவாகச் சுழல விட்டிருந்தால் இதைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம். கியர்பாக்ஸ் காற்றை உள்வாங்கி வெளிவிடும் பிரீதரில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லை மாற்றாமல் விடுவதால் ஈரமும் எண்ணெயில் கலக்கிறது.

அதிர்வைக் கொண்டே பழுதை அறியலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் இந்த பேரிங்குகள் கோள் சக்கரங்களைச் சுமந்து சுழலும் சட்டத்தோடு (கேரியர்) சேர்ந்து சுற்றிவருவதால், அவற்றின் அதிர்வு வெளிக்கூட்டில் உள்ள உணரியை மங்கலாகவே எட்டுகிறது. எனவே தேய்மானத் துகள்களைக் காட்டும் எண்ணெய்ப் பரிசோதனையே முக்கியச் சான்றாகிறது. அதற்கான மாதிரியை, இயந்திரம் ஓடி எண்ணெய் சூடாக இருக்கும்போது, ஃபில்டருக்கு முன்பாக எடுக்க வேண்டும். நாட்கணக்கில் நின்றிருந்த தொட்டியின் அடியிலிருந்து பிடித்து அனுப்பும் மாதிரி உண்மை நிலையைக் காட்டாது.

ஆகவே, ஆயுள் நீட்டிப்புக்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரிகள், ஒரே ஒரு பரிசோதனைத் தாளை ஏற்காமல், தொடர்ந்து சில பருவங்களில் முறைப்படி எடுத்த மாதிரிகளின் அறிக்கைகளையும், கோள் பேரிங்குகளை உள்நோக்குக் கேமராவால் பதிவு செய்த படங்களையும் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
நாகர்கோவில்.