மைக்கை நிப்பாட்டியது நான்தான்

விசுவமடு
மாசி 18

அன்புள்ள கப்டன்,

வட்சப்பில் நீ அனுப்பிய மூன்று குரல்பதிவும் கேட்டேன். பதிலுக்கு நானும் பேசி அனுப்புவோம் என்று இரண்டு தரம் தொடங்கினேன். ஒன்றில் தொண்டை அடைக்கிறது, இல்லாவிட்டால் கோபம் வருகிறது. அதுதான் பழையபடி கொப்பித்தாளில் எழுதுகிறேன். சின்னவள் படமெடுத்து அனுப்புவாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசி.

முதல் வீட்டுப் புதினம். காலபோக வெட்டு முடிந்துவிட்டது. பள்ளப் பக்கத்து வயலுக்குள் மெசின் புதைந்து ஒருநாள் வீணாய்ப் போனது, மற்றப்படி குறையில்லை. முழங்கால் நோ உனக்கு மட்டும் சொந்தமில்லை, எனக்கும் வந்துவிட்டது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு இந்த முறையாவது வருவாயா என்று அக்கா கேட்கிறா. அதற்கு மட்டும் மழுப்பாமல் பதில் எழுது.

இனி நீ கேட்ட விசயம். "பிள்ளையளின்ர நாடகத்தை இடையில நிப்பாட்டின அந்தக் கோழை ஆர்?" என்று கேட்டிருந்தாய். நான்தான் மச்சான்.

எங்கட பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் மேடை என்னுடைய பொறுப்பு. நிகழ்ச்சி நிரலில் 'நாடகம், 15 நிமிடம்' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தவனும் நான், பிரதியைக் கேட்டு வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினவனும் நான். வாசிக்கவில்லை. மாலை, கேடயம், பந்தல்காரன், ஜெனரேற்றர் என்று ஓடித்திரிந்தேன். நாடகமும் அரங்கியலும் பாடம் எடுக்கிற 11ஆம் ஆண்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர் மூன்று கிழமையாக வேப்பமரத்தடியில் ஒத்திகை பார்த்தார்கள். அந்தப் பாதையால் தினமும் சைக்கிளில் போனேன், ஒருநாள்கூடக் காலை ஊன்றவில்லை.

நாடகம் மணலைப் பற்றியது. கனகராயன் ஆற்றுப் பக்கம் இரவிரவாக என்ன நடக்கிறது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெர்மிட் ஒன்று, லோட் பத்து. ஆறு ஆழப்பட ஆழப்பட அயல் கிணறுகளில் தண்ணீர் கீழே இறங்குகிறது, கரை இடிகிறது, மருதமரங்கள் வேரோடு சரிகின்றன. பிள்ளைகள் காட்போட்டில் டிப்பர் செய்து இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினார்கள். நடுவில் ஒரு 'பெரியவர்' நின்று, "பிள்ளைகளே, நீங்கள்தான் நாட்டின் எதிர்காலம்" என்று பேசிக்கொண்டே இருக்கிறார். டிப்பர் கடக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போனபிறகு விட்ட சொல்லில் இருந்து தொடர்கிறார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முன்வரிசையில் எங்களுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டித்தந்தவர் இருந்தார். அவருக்கு நாலு டிப்பர். அந்தப் பெரியவராக நடித்த பெடியன் அவரைப்போலவே இடக்காலை இழுத்து இழுத்து நடந்தான்.

அதோடு போயிருந்தால் ஒரு மாதிரிச் சமாளித்திருக்கலாம். பிறகு ஒரு பெட்டை வெள்ளைச் சீலையோடு, கையில் ஒரு படச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் குந்தினாள். டிப்பர் வருகிறது. "எழும்பு ஆச்சி, வழியை விடு" என்கிறார் பெரியவர். அவள் எழும்பவில்லை. மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் வாசலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 மாசி 20இல் குந்தின தாய்மாரை நினையாமல் அந்தக் காட்சியைப் பார்க்க எங்கட ஆக்களால் முடியாது. எனக்குப் பின்னால் இருந்த ஓர் ஆசிரியர் "படம், படம், ஆரின்ர படம் அது?" என்றார். அதிபர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சவுண்ட்காரப் பெடியனுக்குக் கையைக் காட்டினேன்.

மைக் நின்றது. பிள்ளைகளுக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. திரைச்சீலை பாதியில் இறுகிவிட்டது. அடுத்த நிகழ்ச்சி இரண்டாம் ஆண்டுக் குஞ்சுகளின் நடனம். அதற்கான பாட்டைப் போட்டுவிட்டார்கள். இடுப்பில் டிப்பர் கட்டின பெடியன் அந்தச் சின்னப்பிள்ளைகளுக்குள் அகப்பட்டு, ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து இறங்கினான். நீ பார்த்த வீடியோவில் அது இல்லை.

கோழை என்றாய். கோபிக்கமாட்டேன், ஆனால் கனடாவில், ஸ்காபுரோவில் இருந்து அதைச் சொல்வது லேசு. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள்ளேயே கிழவனாகிப்போனவர்கள் நாங்கள். 2024 வைகாசியில் சம்பூரில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி கொடுத்த பெண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதில் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளையும் இருந்தாள். அதே வருசம் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் இல்ல அலங்காரத்துக்காகப் பிள்ளைகளையே பொலிஸ் விசாரித்தது பேப்பரெல்லாம் வந்தது. படச்சட்டத்தைக் கண்டதும் எனக்கு வந்த பயம், அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு வாங்கில் இருத்தி வைப்பார்கள் என்ற பயம்தான். தண்ணீர்த் தாங்கிக்காரர் முகம் கறுத்ததும் ஒரு பக்கத்தால் தெரிந்தது. இந்த இரண்டில் எது என் கையைத் தூக்கியது என்று இரவு முழுக்க யோசித்தேன். இரண்டும்தான் என்று வை.

அடுத்தநாள் ஆசிரியர் கூட்டம். ஒருவர் பெற்றாரைக் கூப்பிட வேண்டும் என்றார். இன்னொருவர், ஒன்பது பேரும் திங்கட்கிழமைக் காலைப் பிரார்த்தனையில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். பாடம் எடுக்கிற ரீச்சர் நியமனம் கிடைத்து இரண்டு வருசம்கூட ஆகாத பிள்ளை, விளக்கக் கடிதத்தைக் கையிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அது புலிப்படம்தான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அப்போது எழும்பிப் போய் மேடைக்குப் பின்னாலிருந்து அந்தச் சட்டத்தை எடுத்துவந்தேன். வெறும் சட்டம் மச்சான். கண்ணாடியும் இல்லை, படமும் இல்லை. பின்னால் ஒரு மட்டை. அவ்வளவுதான்.

ஏன் வெறுமையாக வைத்தாய் என்று அந்தப் பெட்டையைப் பிறகு கேட்டேன். பெரிய தத்துவம் ஒன்று வரும் என்று நினைத்தேன். "ஒரு வீட்டுப் படத்தை வைச்சா மற்ற வீட்டுக்காரர் குறை சொல்லுவினம் சேர்" என்றாள்.

அந்த இடத்தில் உன்னையும் என்னையும் நினைத்தேன். 1981, முள்ளியவளையில் நாங்கள் போட்ட பண்டாரவன்னியன் நாடகம். வன்னியரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரிடம் தோற்ற நாள் என்று கற்சிலைமடுக் கல்லில் வெட்டியிருக்கிற 31.10.1803ஐ நடித்துக்காட்டினோம். நீ கப்டன் வொன் டிறிபேர்க், நான் காட்டிக்கொடுத்த காக்கைவன்னியன். நீ வெள்ளைக்காரனாகப் பேசாமல், முன்னால் இருந்த வட்டாரக் கல்வி அதிகாரியைப்போல மூக்கால் பேசித் தொலைத்தாய். பிரதியில் அது இல்லை. அந்த மனிசன் எழும்பிக் கத்த, எங்கட பெரியவாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய், "அது நான் எழுதிக் கொடுத்ததுங்கோ, பிழை என்ர" என்றார். பச்சைப் பொய். நாடகம் கடைசிவரை நடந்தது, பண்டாரவன்னியன் செத்தபிறகுதான் திரை விழுந்தது. மற்றநாள் காலை எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டு உனக்கு மூன்று குட்டு, எனக்கு ஒன்று. எனக்கு ஏன் என்று கேட்டதற்கு, "சிரிச்சனியல்லோ" என்றார். குட்டுவதை 2005இன் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் தடுத்துவிட்டது, அதை நான் திரும்பக் கேட்கவில்லை. அந்தப் பொய்யைத்தான் யோசிக்கிறேன். சனத்துக்கு முன்னால் பிழையைத் தான் எடுத்துக்கொண்டார், எங்களோடு பேச வேண்டியதை எங்களோடு மட்டும் பேசினார். எனக்கு இப்போது அறுபது ஆகப்போகிறது. அந்த ஐந்து நிமிசத்தில் அவர் செய்ததை என்னால் செய்ய முடியவில்லை.

பிரதியை வாசித்திருந்தால் வெட்டியிருப்பாயா என்று கேட்பாய். வெட்டுவதற்காக வாசிக்கச் சொல்லவில்லை. 'நான் பார்த்தேன், நான்தான் விட்டேன்' என்று எழும்பிச் சொல்ல வளர்ந்தவன் ஒருவனாவது வேண்டும். அதற்கு முதலே பார்த்திருக்க வேண்டும். பாராதவன் மேடையைப் பார்த்துப் பயப்படுவான், பயந்தவன் கையைக் காட்டுவான். நிப்பாட்டினதால் பிள்ளைகளைக் காப்பாற்றினேனா? அதுவும் இல்லை. முடிந்திருந்தால் கைதட்டிவிட்டு வடைக்குப் போயிருக்க வேண்டிய சனம், நிப்பாட்டினபடியால் வாசலில் கூடி நின்று கதைத்தது. பாதி நாடகத்துக்கு மீதிப் பாதியை ஊரே எழுதிச் சேர்த்தது.

இதற்குள் உண்மையான பிழை ஒன்று இருந்தது, அதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த நொண்டல். தண்ணீர்த் தாங்கிக்காரர் 2009இல் சண்டைக்குள் செல்பட்டுக் காலை இழுத்துக்கொண்டு மெனிக்பாம் முகாமுக்கு வந்தவர். மணலைப் பற்றி அவரைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கால் அவர் அள்ளினதில்லையே. பெடியனை வாசிகசாலைக்குக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். பதினாறு வயது, செல்பட்ட கதை அவனுக்குத் தெரியவே தெரியாது, பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருக்கிறான். முகம் செத்துப்போனது. நான் போகச் சொல்லவில்லை, தானாகவே பின்னேரம் போகிறேன் என்றான். கூடப் போனேன்.

அந்த வீட்டில் நடந்ததை எழுதாமல் விட முடியாது. பெடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு காலைப் பற்றி மன்னிப்புக் கேட்டான். அவர் தேத்தண்ணி கொடுத்தார். "காலைப் பற்றி ஒண்டுமில்லை தம்பி, சரியாத்தான் நொண்டினனீ. டிப்பரைப் பற்றி ஏனடா கதைச்சனீ?" என்றார். அவன் தலையை நிமிர்த்தி, "அதுக்கு மன்னிப்புக் கேக்க வரேல்லை ஐயா" என்றான். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு இந்த வருசம் எங்கட வயல் எப்படி என்று என்னிடம் கேட்டார். தண்ணீர்த் தாங்கி இன்னும் அங்கேதான் நிற்கிறது. அவர் அடுத்த விழாவுக்கு வருவாரா என்று தெரியாது.

ஞாயிறு பின்னேரம் அதிபர் வீட்டுக்குப் போய், பிரார்த்தனையில் பிள்ளைகளை நிறுத்த வேண்டாம் என்று கேட்டேன். அவர் கெட்ட மனிசன் இல்லை. இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாளுக்குக் கீழே பள்ளிக்கூடம் நடத்தினவர், ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. "மேலே கேட்டா ஆர் பதில் சொல்றது?" என்றார். மேடைப் பொறுப்பு நான்தானே, என் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். ரீச்சரின் விளக்கக் கடிதத்தைக் கிழித்தோம். வலயக் கல்வி அலுவலகத்துக்கு என் கடிதம் போயிருக்கிறது. இன்னும் பதில் இல்லை.

இப்போது உன்னோடு ஒரு சண்டை. அந்த வீடியோவை 'வன்னியின் வீரமங்கை' என்று தலைப்புப் போட்டு நீயும் அனுப்பியிருக்கிறாய், நான் கண்டேன். அவள் வீரமங்கை இல்லையடா. ஓஎல் சோதனைக்குக் கணக்கில் சீ எடுப்பாளா என்று தாய் அழுகிற பிள்ளை. அவளுடைய அம்மம்மா கிளிநொச்சியில் அந்தத் தாய்மாரின் போராட்டக் கொட்டிலில் இருந்தவ, வருத்தம் வந்து இப்போது வீட்டில் கிடக்கிறா. இங்கே சிலர் அவளைத் துரோகி ஆக்கினார்கள், அங்கே நீங்கள் சிலை ஆக்கினீர்கள். நாடகம் எப்படி என்று ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை. முகம் தெரிகிற படம் அது, ஊரெல்லாம் சுற்றுகிறது. உன் பக்கத்தில் இருந்து அழித்துவிடு. அழித்தேன் என்று எனக்கு எழுது.

பெற்றார் கூட்டத்தில் முழு நாடகத்தையும் போட அதிபர் ஓம் என்றுவிட்டார், அரைமனத்தோடுதான். பிரதியின் ஒவ்வொரு தாளிலும் என் ஒப்பம் இருக்கிறது. நேற்று வேப்பமரத்தடியில் முதல் ஒத்திகை. சைக்கிளை நிறுத்திவிட்டு இருந்து பார்த்தேன். பெரியவருக்கு இப்போது நொண்டல் இல்லை. அதற்குப் பதில், டிப்பர் கடக்கும்போதெல்லாம் வேட்டி அவிழப் பார்க்கிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசுகிறார். சிரித்துச் சிரித்து எனக்கு முழங்கால் நோவே மறந்துவிட்டது. வேட்டியை எடுக்கச் சொல்லவில்லை.

மச்சாளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு. வருகிறவர்கள் ஆரிடமாவது அந்த முழங்கால் பூச்சு மருந்து இரண்டு கொடுத்துவிடு.

உன்
காக்கைவன்னியன்