சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. கோபிப் பக்கம் நடவு முடிந்துவிட்டதா? இங்கே தாராபுரத்துச் சீமையில் மழை ஏய்த்துவிட்டது. மாடு மேய்கிற கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்கூடத் தலை தூக்கவில்லை. சரி, அது வருஷா வருஷம் பாடுகிற பாட்டு.

மகளும் நானும் ஒரே புத்தகத்தைப் படித்துக் கடிதம் எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னேன் அல்லவா? ஃபோன் என்றால் 'மாத்திரை போட்டீங்களா'வோடு முடிந்துவிடுகிறது. இந்தத் தடவை ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. நம் கீரனூர்க்காரர், 1942இலேயே நம் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தவர். பெங்களூரில் உட்கார்ந்து படிக்க அம்மா பேசுவது போலவே இருக்கிறது என்று மகள் எழுதினாள்.

பேத்திக்குத் தனித்தாள். 1928இல் நேரு பத்து வயசு மகளுக்குப் பூமி பிறந்த கதையை எழுதினாரே, அந்த மாதிரி நானும் பெரிதாக ஆரம்பித்தேன். அவள் 'நல்லாருக்கு அப்புச்சி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். வாத்தியார் புத்தி போகுமா?

'நாகம்மாள்' கொலையில் முடிகிற கதை, குழந்தைக்கு வேண்டாம் என்றேன். மகள் கேட்கவில்லை. புருஷனை இழந்தவள் கொழுந்தனிடம் பங்கு கேட்டது, கெட்டியப்பன் தூபம் போட்டது, கடைசியில் கொழுந்தன் உயிரே போனது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை பேத்தியிடமிருந்து ஒரு பக்கக் கடிதம். நடுவில் இப்படி: "கேட்டப்பவே பங்கைக் குடுத்திருந்தா ஆயிருக்குமே அப்புச்சி? அம்மாவோட அத்தைக்கு நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

அப்பா காலமான வருஷம் உனக்கு நினைவிருக்கும். தங்கை இடுப்பில் பிள்ளையோடு வந்து, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்று பவுனும் ஒரு பட்டுச்சேலையும் கொடுத்தோம். 'அண்ணன் சீர் இருக்கும்போது காடு எதுக்கு' என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். 1956 சட்டத்திலேயே அப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு. இல்லாவிட்டால் அவளிடம் கையெழுத்து எதற்கு வாங்குகிறோம்? பதிவு முடிந்து ஓட்டலுக்குப் போனோம். அவள் மட்டும் பசியில்லை என்றாள்.

பேத்திக்கு இன்னும் பதில் எழுதவில்லை. ஐப்பசியில் தங்கை இங்கே வருகிறாள். நீயும் கட்டாயம் வா. பத்திர நகலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். தாள் பழுத்துவிட்டது. சாட்சி என்ற இடத்தில் உன் கையெழுத்து மட்டும் நன்றாகவே தெரிகிறது.

உன் மாப்பிள்ளை