நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–2025: எண்ணூர்க் காரை 1/24 அளவில் வடித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். மாதிரிக் கார்களைக் கட்டி வண்ணம் பூசும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல் ராயபுரத்தில், உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில் நடைபெற்றன. அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையாலும், நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலாலும் இரண்டு கூட்டங்கள் நின்றுபோயின. வியாசர்பாடியில் தரைத்தளத்தில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவரின் கட்டப்படாத கிட்டுகள் (பாகங்களாக வரும் மாதிரிக் கார் பெட்டிகள்) தண்ணீரில் நனைந்தன. பிளாஸ்டிக் பாகங்களைக் கழுவிக் காயவைத்து மீட்டுவிட்டோம். ஆனால் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்டு, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீகால் தாள்களின் பசை முழுவதும் கரைந்துவிட்டதால், அவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன்பே டீகால் தாள்களை மட்டுமாவது பெட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வைக்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டின் முதன்மைப் பணிக்கு வருகிறேன். சுங்க வரி அட்டவணையில் சிற்றளவு மாதிரிகளும் விளையாட்டுப் பொருள்களும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அத்தலைப்புக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்ந்ததால், ஜப்பானிய கிட் ஒன்றை வாங்குவது நம் மாணவ உறுப்பினர்களுக்கு எட்டாத செலவாகிவிட்டது. கூட்டத்துக்கு வந்து, மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைகளைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். அதனால்தான் சென்ற பொதுக்குழுவில், கிட் வாங்காமல் ஒரு காரை நாமே முழுமையாக வடிப்பது என்றும், அது நம் பகுதியோடு தொடர்புடைய காராக இருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தோம்.

அந்தக் கார் ஆஸ்டின் ஏ40. இன்று லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர்பெற்ற அசோக் லேலண்டு, 1948இல் ரகுநந்தன் சரண் தம் மகன் அசோக்கின் பெயரால் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனமாகவே பிறந்தது என்பதும், எண்ணூரில் அது முதலில் பாகங்களைப் பூட்டி உருவாக்கிய வண்டி ஆஸ்டின் ஏ40 கார்தான் என்பதும் எண்ணூரிலேயே பிறந்து வளர்ந்த நம் இளைய உறுப்பினர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. 1955இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்டு என மாறியது. 1947இல் இங்கிலாந்தில் வெளிவந்த டெவன் என்ற நான்கு கதவு வகையின் உடலை நம் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்தோம்.

பழைய கார் ஒன்றைப் பேணிவரும் அன்பர் ஒருவர், தம் வீட்டு வாசலில் ஒரு ஞாயிறு முழுவதும் நாம் அளவெடுக்க அனுமதித்தார். புகைப்படங்களை மட்டும் நம்பியிருந்தால் முன்பகுதி பருத்தும் பின்பகுதி சிறுத்தும் வந்திருக்கும். டேப்பால் அளந்ததே நம்மைக் காப்பாற்றியது. முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான 2,350 மில்லிமீட்டர், 1/24 அளவில் 98 மில்லிமீட்டர் ஆகிறது. பெரம்பூர் ரயில்வே பணிமனையில் அச்சு மரவேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் மரத்தில் மூல உருவைச் செதுக்கித் தந்தார். உருண்டு இறங்கும் மட்கார்டு வளைவு இருபுறமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அட்டையில் வெட்டிய அளவுகோலை மாற்றி மாற்றி வைத்து அவர் சரிபார்த்த பொறுமையை, அருகில் இருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

மூல உருவிலிருந்து சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுக்கும் வேலையைக் காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் பணிபுரியும் உறுப்பினர் ஏற்றுக்கொண்டார். படகும் காரும் அளவில்தான் வேறு, அச்சின் இலக்கணம் ஒன்றே என்று அவர் சொன்னது உண்மை என்பதை அச்சு பிரிந்து வந்த விதத்திலேயே கண்டோம். ஆயினும் முதலில் வார்த்த ஏழு உடல்களும் தேன்கூடு போலக் குமிழிகளோடு வந்தன. நாங்கள் வார்க்கும் பாலியூரித்தேன் ரெசின் என்ற பிசின் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். கடலிலிருந்து சில நூறு அடி தூரத்தில், மழைக்காலத்தில், திறந்த டப்பாவிலிருந்து ஊற்றினால் வேறென்ன நடக்கும்? டப்பாவைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டிரம்மில் வைத்து, வார்க்கும் வேலையை வெயில் ஏறிய நண்பகலுக்கு மாற்றிய பிறகு, எட்டாவது உடல் குற்றமின்றி வந்தது.

வண்ணம் பூசுவதிலும் ஈரம்தான் நம் முதல் எதிரி. விரைவில் உலரும் லாக்கர் வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதால் வண்ணம் வெளுத்துப்போகிறது. வெளுத்த இடத்தில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிய புகைபோல அடித்தால் பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடுகிறது. மழை பெய்யும் நாளில் வண்ணம் அடிக்கும் துப்பாக்கியைக் கையில் எடுக்காமலிருப்பதே அதைவிட நல்லது.

கார் பெயிண்டிங் பட்டறைகளில் வேலை செய்யும் உறுப்பினர்கள் மிச்ச வண்ணங்களைக் கொண்டுவருகிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டுகிறேன். அந்த வண்ணங்களின் தின்னர் கிட் பிளாஸ்டிக்கை நேரடியாகத் தொட்டால் வெடிப்பு விழும் என்பதால், பிரைமர் எனும் அடிப்பூச்சு முழுமையாக மூடியிருக்க வேண்டும். அடுத்தது தடிப்பு: மாதிரியின்மேல் நாம் ஏற்றும் 0.1 மில்லிமீட்டர் பூச்சு, உண்மைக் காரில் 2.4 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சமம். கதவுக் கோடுகள் மறைந்து, கார் சோப்புக்கட்டி போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். எனவே பிரைமருக்கு முன்பே கோடுகளைக் கத்தியின் முதுகால் ஆழப்படுத்தி, பூச்சை மெல்லியதாக ஏற்றி, 2000ஆம் எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு இழைக்கும் முறையை நம் ஆஸ்டினில் பின்பற்றினோம். அடர்பச்சையில் அது பளபளப்பதை இன்று மேசையில் நீங்களே காணலாம்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். வண்ணத்தின்மேல் கடினப்படுத்தி கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சான 2கே கிளியரில் ஐசோசயனேட் உள்ளது. அது மூச்சுக்குழாயைப் பாதித்து, நீங்காத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. நம்மில் பலருடைய வீடுகளில் படுக்கும் அறையும் சமையலும் ஓரிடத்திலேயே இருக்கின்றன. அங்கே அடுப்பு எரியும்போது தின்னர் ஆவி பரவுவது தீ விபத்துக்கு நேரடி வழி. ஆகவே 2கே கிளியரை வீட்டில் அடிப்பதில்லை என்றும், காற்றோட்டமுள்ள பட்டறையில் உரிய முகக்கவசத்தோடு அனுபவமுள்ளவர் மட்டுமே அடிப்பது என்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது. துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

ஆஸ்டினில் இன்னும் முடியாதவை கண்ணாடிகளும், பானட்டின் நுனியில் பறப்பதுபோல் அமைந்த ‘ஏ’ சின்னமும் ஆகும். கண்ணாடிக்குச் சூடாக்கிய தெளிந்த பிளாஸ்டிக் தாளை மர உருவின்மேல் இழுத்துப் பார்த்து வருகிறோம். அவற்றை உடனடிப் பசையால் ஒட்டினால் அதன் ஆவி படிந்து கண்ணாடி மங்கிவிடும் என்பதால், மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையையே பயன்படுத்துவோம். சின்னத்தைப் பித்தளைத் தகட்டில் அறுக்கும் பொறுப்பை இரு மாணவ உறுப்பினர்கள் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள்.

வரும் ஆண்டில் இதே அச்சிலிருந்து மாணவ உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் உடலைப் பொருள் விலைக்கே வார்த்துத் தரவும், அடுத்த மாதிரியாக 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு பரிந்துரைகளையும், இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்